நாலாவது தந்தி

கியோம்போவுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. பாட்டுக்காரர்கள் பேட்டையான மத்தோங்கேயில் அவருடைய கிட்டார் பழுதுபார்க்கும் கடை ஒரு கட்டில் போடும் அளவுதான். அதற்குள்ளேயே அவர் நடக்கும் நடையை நேராக நடந்திருந்தால் இந்நேரம் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பார் அவர் மனைவி. சூடேறிய ஈயப் பற்றவைப்புக் கோலைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு வந்து எதிர்க்கடை முடிதிருத்துபவரிடம் வம்பு பேசுவார். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஓடிவிடுவார்.

துறைமுக ஊரான மத்தாதியிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது அவரும் கிட்டார் வாசிக்கத்தான் வந்தார். மூன்றாந்தரக் குழு ஒன்றில் தாளக் கிட்டார் கிடைத்தது. பாட்டின் பின்பாதியில் ஆட்டம் சூடு பிடித்துவிட்டால், தாளக் கிட்டார்காரன் ஒரே சுற்றை அரைமணி நேரமானாலும் மாற்றாமல் வாசிக்கவேண்டும். அவன் மேல்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள். கியோம்போவால் அது ஆகவில்லை. நாலு சுற்று போனதும் விரல் துறுதுறுக்கும், எதையாவது மாற்றிவிடுவார், ஆடுகிறவர்கள் காலில் கால் சிக்கிக்கொள்ளும். குழுத்தலைவர் அவரைக் கூப்பிட்டு, "உனக்கு வாசிக்கிறதைவிடக் கழட்டி மாட்டுறதுதான் சரிப்படும்" என்றார். வைவதற்காகச் சொன்னதைக் கியோம்போ யோசனையாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்த ஊரில் அவர் கை படாத கிட்டார் அபூர்வம்.

அந்த அபூர்வத்தில் ஒன்று எக்கோஃபோவின் கிட்டார்.

எக்கோஃபோ யாரென்று மத்தோங்கேயில் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மற்றதையெல்லாம் தாண்டி முன்னால் ஓடுகிற சோலோ கிட்டார் என்றால் எக்கோஃபோ, அவ்வளவுதான். அவர் தன் சிவப்புக் கிட்டாரைக் கியோம்போவிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை. பழுதென்றால் பெட்டியில் வைத்துக்கொண்டு படகேறி, ஆற்றுக்கு அந்தப்பக்கம் பிராஸாவில்லில் இருக்கும் ஒருவரிடம் போவார். போகிற வழி கியோம்போ கடை வாசல்தான். கடந்து போகும்போது மரியாதையாகத் தொப்பியைத் தூக்குவார். அந்தத் தொப்பி கியோம்போவை எவ்வளவு எரித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆனாலும் கியோம்போ அவருடைய ரசிகர்தான், அதை மறைக்க முடியாது. எக்கோஃபோ மேடையை விட்டு வீட்டோடு இருந்த கடைசி வருஷங்களில், அந்த வீட்டுச் சுவரை ஒட்டிய மதுக்கடையில் மாலைதோறும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் கிட்டார் கேட்கும். கியோம்போவும் ஒரு பீரை வாங்கி வைத்துக்கொண்டு, எழுந்து எழுந்து உட்கார்ந்தபடி கேட்பார். "வயசாக ஆக மனுஷன் வாசிப்பு மாறிட்டே வருதுய்யா. பெருமை அடிக்கிறதை விட்டுட்டாரு" என்று சொல்வார்கள். கியோம்போவும் சொல்லியிருக்கிறார்.

எக்கோஃபோ இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் அவருடைய தம்பி லொகுலி, தந்திகள் கழற்றியிருந்த அந்தக் கிட்டாரைக் கியோம்போவின் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். அடக்கம் முடிந்த கையோடு அண்ணன் வீட்டிலிருந்து குளிர்பெட்டியையும் தொலைக்காட்சியையும் மேசை நாற்காலியையும் எடுத்துப்போன சொந்தக்காரர்களில் அவன் முதல் ஆள். விதவைக்கு அடுப்பும் படுக்கையும் மிஞ்சின. இது இங்கே நடக்காத வீடு குறைவு, அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன்.

"பிரஸ்ஸல்ஸ்ல ஒருத்தன் கேக்கறான் அண்ணே" என்றான் லொகுலி. "ஆனா தொழிற்சாலையில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வேணுமாம். வருஷம் முடிஞ்சு துக்கம் கழிக்கிற அன்னைக்கு எல்லாரும் பாக்கறாப்புல வெச்சுட்டு அனுப்பிடுவோம்."

"உங்க அண்ணன் உயிரோட இருந்த வரைக்கும் என் கடை வாசல்படி ஏறாத பொருள் இது."

"இப்ப ஏறிடுச்சுல்ல? பாருங்க."

அவன் போனதும் கியோம்போ கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். இத்தனை வருஷ ஆசை மேசைமேல் கிடந்தால் கை எங்கே ஆரம்பிக்கும்?

கிட்டார் ஒருவரிடமிருந்து ஒருவரிடம் போகப்போக ஆளாளுக்கு ஒன்று செய்து வைப்பார்கள். கியோம்போவுக்கு அதைப் படிப்பதுதான் தொழில். ஆறு முறுக்காணிகள் மூன்று விதம். ஒலிபெருக்கி வடத்தைச் செருகும் துளை முகப்பிலிருந்து விளிம்புக்குப் போயிருந்தது. யாரோ மேடையில் வடத்தை மிதித்துப் பழைய துளை பிய்ந்திருக்கவேண்டும். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டாவது காந்தச் சுருளுக்காக உடம்பில் உளியால் ஒரு பள்ளம். சுருளின் கம்பியோ வானொலிப் பெட்டியிலிருந்து பிரித்துச் சுற்றியது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தைக் கழற்றிப் பார்த்தார். மரத்தையும் திருகு பதிந்த இடங்களையும் வைத்து, அமெரிக்காவில் அறுபதுகளில் செய்தது என்று முடிவுகட்டினார். சிவப்பைச் சுரண்டினால் கீழே கறுப்பு. கறுப்புக்குக் கீழே வெளிறிய நீலம், மழை பெய்து ஓய்ந்த பிறகு வருமே அந்த நீலம்.

நீலத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. எக்கோஃபோவிடம் நீலக் கிட்டார் இருந்து யாரும் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் கழுத்தின் உச்சியில் தந்திகள் பதிந்து இறங்கும் எலும்புத் துண்டைப் பார்த்தார். அதில் ஆறு தந்திக்கு ஆறு குழி. நாலாவது குழி மற்றவை போல இல்லை. தடித்த தந்திக்காக வெட்டியிருந்த குழியை எலும்புத்தூளும் பசையும் வைத்து அடைத்து, அதன் நடுவில் முடி போல் மெல்லியதாகப் புதுக்குழி வெட்டியிருந்தார்கள்.

இது என்னவென்று இந்த ஊரில் கிட்டார் தொட்ட எவரும் சொல்லிவிடுவார்கள். சோலோவுக்கும் தாளத்துக்கும் நடுவே ஓடுகிற நடுக் கிட்டார்காரர்கள் நாலாவது தடித் தந்தியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முதல் தந்தியைப் போல ஒரு மெல்லிய தந்தியைக் கட்டுவார்கள். சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறும், இரண்டு கிட்டாருக்கும் நடுவில் மணி மாதிரி கேட்கும். நடுக் கிட்டார்காரன் தவிர வேறு யாரும் இதைச் செய்வதில்லை. சோலோக்காரன் செய்தால் அவன் சோலோ பாதியாகிவிடும். எக்கோஃபோவோ பிறந்ததிலிருந்து சோலோக்காரர். குழியின் அடிப்பகுதி பளபளவென்று இருந்தது. அண்மைக்காலம் வரை யாரோ நாள் தவறாமல் வாசித்திருக்கிறார்கள்.

அப்படியானால் இது எக்கோஃபோவின் கிட்டாரே இல்லை. ஏதோ ஒரு நடுக் கிட்டாருக்குச் சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். கியோம்போவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தொப்பி தூக்கிய கணக்கு எங்கேயோ தீர்ந்தது போல இருந்தது.

வாயை மூடிக்கொண்டு லொகுலியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கியோம்போவா சொல்வார்? மறுநாள் லொகுலி வந்தபோது கடை வாசலில் முடிதிருத்துபவர், வறுத்த கடலை விற்கும் அம்மாள், சும்மா நிற்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது.

"தம்பி, இது உங்க அண்ணன் கிட்டார் இல்லை."

லொகுலி சிரித்தான். "என்ன அண்ணே, வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு பாட்டில் உள்ள போயிருச்சா?"

"நாலாவது குழியைப் பாரு. இது நடுக் கிட்டார். உங்க அண்ணன் என்னைக்கு நடுக் கிட்டார் வாசிச்சாரு?"

"நானே என் கையால அவர் கட்டில் ஓரத்துல இருந்து எடுத்துட்டு வந்தேன்யா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவர் வீட்டு முற்றத்துல உக்காந்து, அவர் அறைக்குள்ள வாசிக்கிறதைக் கேட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நீ எடுக்கறதுக்கு முன்னாடியே மாறியிருந்தா?"

"யார் மாத்துவா?"

கூட்டத்தில் எல்லார் மனசிலும் அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆளின் முகம் வந்துவிட்டது. லொகுலி கிட்டாரைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று போனான்.

அந்த வாரமே செய்தி தெரு முழுக்க நாறியது. எக்கோஃபோவின் விதவை பொலும்பு உண்மையான கிட்டாரை விற்றுத் தின்றுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பழசை வாங்கிச் சிவப்படித்து வைத்துவிட்டாளாம். துக்கம் கழிக்கிற நாளில் கணவன் வீட்டார்தான் விதவையின் கறுப்பைக் களைந்து பூப்போட்ட துணி உடுத்தவேண்டும். அதுவரை அவளுக்கு எந்த விசேஷமும் கிடையாது. கிட்டார் வரும்வரை கறுப்பைக் களையமாட்டோம், வீட்டையும் காலி செய்யட்டும், திருடியை வைத்துக்கொள்ள எங்கள் அண்ணன் வீடு சத்திரமில்லை என்று லொகுலி சொல்லி அனுப்பியிருந்தான்.

கடலை விற்கும் அம்மாள்தான் இதைக் கியோம்போவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "உன் வாயிலே வந்தது. நல்லா இரு" என்றார். வேறு எதுவும் சொல்லியிருந்தால்கூடக் கியோம்போ பதிலுக்குப் பேசியிருப்பார்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கையில் எடுத்த ஃபூஃபூக் களி உருண்டை அப்படியே கையில் இருந்தது. வேறு கிட்டாரை எடுத்தார், வைத்தார். முள்மேல் நிற்கிற மாதிரி இருந்தது. தான் சொன்னது பொய்யில்லை, குழி குழிதான், தந்தி தந்திதான் என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். அந்தப் பேச்சும் எடுபடவில்லை. மாலையில் கடையைப் பாதியில் போட்டுவிட்டு எக்கோஃபோ வீட்டுக்குக் கிளம்பினார்.

பொலும்பு வாசலில் எண்ணெய்ச் சட்டியை வைத்து உப்பிய மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தார். கணவர் போனபிறகு அதுதான் பிழைப்பு. கறுப்புத் துணி, மழித்த தலை. ஒரு காலத்தில் பெண்களே வாசித்த ஒரு இசைக்குழுவில் இருந்தவர் அவர். கியோம்போ இளவயதில் அந்தக் குழுவின் பாட்டுக்கு ஆடியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அவரைக் கையில் கிட்டாரோடு யாரும் பார்த்ததில்லை. வாசித்தவர் என்பதையே ஊர் மறந்துவிட்டது.

"உக்காருங்க" என்றார் பொலும்பு.

"வேணாங்க அக்கா, நிக்கறேன். நான்... நான்தான் அந்தக் கிட்டாரைப் பத்தி..."

"தெரியும். ஊருக்கே தெரியும்." ஒரு உருண்டையைத் திருப்பிப் போட்டார். "உங்களுக்கு இன்னும் நாலு பேர் கூடக் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்லே? ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்திருக்கலாம்."

"அக்கா, நான் பொய் சொல்லலை. நாலாவது குழியை அடைச்சு வெட்டியிருக்காங்க. அது நடுக் கிட்டார் ஆளோட வேலை. உங்க வீட்டுக்காரர் சோலோக்காரர். நீங்க வித்தீங்கன்னு நான் சொல்லவே இல்லை. வேற யாராவது ஏமாத்தி..."

"அது என் வீட்டுக்காரர் கிட்டார்தான். வேற கிட்டார் கிடையாது. போய் அப்படிச் சொல்லுங்க."

"சொல்லலாம். ஆனா குழி இருக்கே. என் தொழில்ல நான்..."

பொலும்பு கரண்டியைச் சட்டி விளிம்பில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த எலும்பை என்ன செஞ்சீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

கியோம்போவின் கால் நின்றது. ஒரு பழைய எலும்புத் துண்டு. கிட்டாரை விற்றுத் தின்றவள் என்று பெயர் எடுத்த ஒரு பெண்ணுக்கு அதில் என்ன?

"இருக்கு. டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

"நல்லது" என்றார் பொலும்பு. "அது மாட்டு முழங்கால் எலும்பு. கறிக்கடையில கேட்டு வாங்கி நான்தான் தேய்ச்சேன். சிவப்புக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே நீலம் இருக்குமே, பாத்தீங்களா? நான் வாங்கினப்போ அது நீலம். குழுவுக்காக வாங்கினது. சிப்பாய்ங்க ஊரைச் சூறையாடினப்போ அவரோடதை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் இதோட குழியைப் பெருசாக்கித் தடித் தந்தி போட்டு, கறுப்படிச்சு, சிவப்படிச்சு அவர் வாசிச்சாரு. நான் விட்டுட்டேன். வீட்டுல ரெண்டு கிட்டார்க்காரங்க எதுக்கு?"

கியோம்போவுக்குப் புரிந்தது. "அப்போ மதுக்கடையில நாங்க கேட்டது..."

"அவருக்கு இடது கை விழுந்துருச்சு. ஒருநாள் காலையில எந்திரிக்கிறாரு, விரல் அசையலை. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அழுதாரு. அந்த மனுஷன் அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். சாயங்காலம் மதுக்கடையில ஆள் சேர்ந்துருவாங்க, சுவருக்கு இந்தப்பக்கம் சத்தம் வரலைன்னா வந்து கதவைத் தட்டுவாங்க. நான் எடுத்து வாசிச்சேன். எனக்குத் தெரிஞ்சது நடுக் கிட்டார்தான். அதனால குழியை அடைச்சேன். யாராவது அறைக்கு வந்துட்டா நான் கிட்டாரை அவர் மடியில வெச்சுட்டுப் பின்கட்டுக்குப் போயிடுவேன். அவர் துண்டால விரலைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, இப்பத்தான் நிறுத்தின மாதிரி."

"யாருக்குமே தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தினம் வந்து குடிச்சீங்களே." அவர் சிரித்த மாதிரி இருந்தது. "இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். தப்பாப் பாத்துட்டேன், அது எக்கோஃபோ கிட்டார்தான்னு துக்கம் கழிக்கிற சபையில சொல்லணும். வேற ஒரு வார்த்தை வேணாம்."

"சொன்னா வித்துருவாங்களே அக்கா. உங்க கிட்டார் அது."

"விக்கட்டும். செத்தவரைச் சபையில வெச்சுக் கை விளங்காதவர்னு பேசச் சொல்றீங்களா?"

அவர் மாவை உருட்ட ஆரம்பித்தார். கியோம்போ அந்த விரல்களைப் பார்த்தார். இடது கை விரல் நுனிகளில் தோல் உரிந்து பிஞ்சாக இருந்தது. வருஷக்கணக்காகக் காய்த்துப்போன தோல், ஒரு வருஷம் தந்தி படாமல் போனால் இப்படித்தான் உரிந்து மெல்லிசாகும். அதைப் பார்த்தபிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. மாவு உருண்டை வாங்காமலே வந்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் கியோம்போ பட்ட பாடு அவருக்குத்தான் வெளிச்சம். நாற்பது வருஷத் தொழிலில் "நான் தப்பு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதைச் சபையில் சொல்லவேண்டும், அதுவும் பொய்யாக. சொல்லாவிட்டால் அந்த அம்மாள் கறுப்போடு தெருவில் நிற்பார். சொன்னால் கிட்டார் பிரஸ்ஸல்ஸ் போகும், அவர் விரல் அப்படியே பிஞ்சாகவே இருந்துவிடும். வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டே இருந்தார். மனைவி, "ஒண்ணு உக்காரு, இல்லே வெளிய போ" என்று கத்தினார். கியோம்போ வெளியே போனார்.

வேலையை மட்டும் விடவில்லை. சிவப்பையும் கறுப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார், அடியில் இருந்த நீலத்துக்குக் கீறல் படாமல். உளிப் பள்ளத்தை அதே மாதிரி மரம் தேடி அடைத்தார். வானொலிக் கம்பியைப் பிரித்துவிட்டு நல்ல கம்பி சுற்றினார். முறுக்காணிகளை ஒரே விதமாக்க ஊரெல்லாம் அலைந்தார். எலும்புக்கு வந்தபோதுதான் தகராறு. ஆறும் சரியான அளவில் புதிதாக ஒன்று செய்து பொருத்தினார். கழற்றினார். பழையதைப் பொருத்தினார். கழற்றினார். புதியதுதான் நியாயம், பேசியது அதுதான், சபையில் குட்டு உடையாமலும் இருக்கும். கடைசியில் பழையதைப் பொருத்தி, அதன்மேல் வழக்கமான தந்திகளையே கட்டிவிட்டார். அந்த எலும்பை டப்பாவில் விட்டுப்போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

துக்கம் கழிக்கும் நாளில் தெருவை அடைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நெகிழி நாற்காலிகள், பெட்டி பெட்டியாகப் பீர், ஆட்டுக்கறி, மரவள்ளிக் கீரை. எக்கோஃபோவின் பழைய குழு ஒரு ஓரத்தில் ஒலிபெருக்கியை அமைத்துக்கொண்டிருந்தது. மதுக்கடைக் கூட்டம் முழுக்க வந்திருந்தது. எக்கோஃபோ வீட்டுப் பெரியப்பா, பல்லெல்லாம் போன கிழவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். பொலும்பு கறுப்போடு பாயில். கியோம்போ கிட்டார்ப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மாறி மாறி நின்றார்.

"சொல்லு" என்றார் பெரியப்பா.

"நான் தப்பாப் பாத்துட்டேன்" என்றார் கியோம்போ. "இது எக்கோஃபோ அண்ணன் கிட்டார்தான். அக்கா மேல ஒரு தப்பும் இல்லை."

"அன்னைக்கு ஊரையே கூட்டி வெச்சு அவ்வளவு பேசினியே?" என்றான் லொகுலி.

"கண்ணு சரியில்லை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இனிமே பிராஸாவில்லுக்கே போயிடலாம்" என்றது ஒரு குரல். கியோம்போவின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் பெண்கள் எழுந்து பொலும்புவை உள்ளே கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது உடம்பில் மஞ்சள் பூப்போட்ட துணி இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கியோம்போவும் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லொகுலிக்கு இப்போது குஷி. "இது தூரதேசம் போகப்போவுது. போறதுக்கு முன்னாடி எங்க அண்ணன் பேருக்கு ஒரு பாட்டு. ஃபிஸ்டன், வாசி." ஃபிஸ்டன் குழுவின் இப்போதைய சோலோக்காரன், முப்பது வயது இருக்கும், நல்ல கை. சிவப்பு உரிந்து நீலமாகியிருந்த கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டு ஆரம்பித்தான். ஆரம்பித்த உடனேயே நிறுத்தினான். மறுபடி வாசித்தான். நாலாவது தந்தி குழியில் உட்காராமல் மேலே நின்று கரகரத்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, நாலாவது தந்தி உக்காரவே இல்லையே. குழி இவ்ளோ சின்னதா இருக்கு? என்ன வேலை செஞ்சு வெச்சிருக்கீங்க?"

எல்லார் கண்ணும் கியோம்போ மேல் விழுந்தது. ஒரே வார்த்தையில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவர் தரையைப் பார்த்தார். "என் தப்புதான். அளவு எடுக்கத் தெரியலை" என்றார்.

"கிழவனுக்குக் கண்ணும் போச்சு, கையும் போச்சு" என்றான் லொகுலி. மதுக்கடைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஃபிஸ்டன் தந்தியை அழுத்திப் பார்த்தான், அது இன்னும் மோசமாக அலறியது.

பொலும்பு எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராக ஃபிஸ்டனிடம் போய்க் கையை நீட்டினார்.

"முதல் தந்தி ஒண்ணு உபரியா இருக்கா தம்பி?"

அவன் திகைத்துப்போய்ப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பொலும்பு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, தடித் தந்தியைத் தளர்த்திக் கழற்றினார். மெல்லியதைக் கோத்து முறுக்கினார். அது குழியில் போய் அமர்ந்தது. கியோம்போ பதறிப்போய், "அக்கா, வேணாம்" என்றார்.

"பேசாம இருங்க. உங்களைத் திட்டு வாங்கவிட்டு நான் பூப்போட்ட துணியில உக்காந்திருக்கணுமா?"

பிறகு வாசித்தார். முதலில் விரல் தடுமாறியது, பிஞ்சுத்தோல் வலித்திருக்கும். இரண்டாவது சுற்றில் நிலைத்தது. சுவருக்கு அந்தப்பக்கம் வருஷக்கணக்காகக் கேட்ட அதே வாசிப்பு, அதே சிறு தயக்கம், அதே மணிச்சத்தம். மதுக்கடைக் கூட்டத்தின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

முடிந்ததும் லொகுலிதான் முதலில் பேசினான். குரல் அவன் குரலாக இல்லை.

"அண்ணி, அது நீங்களா?"

"அவருக்குக் கை விழுந்ததுக்கு அப்பறம் எல்லாம் நான்தான்."

"எங்க அண்ணனுக்குக் கை விழுந்துச்சா?" அவன் பெரியப்பாவைப் பார்த்தான். அவருக்கும் தெரியாது. "ஞாயித்துக்கிழமை தவறாம வந்தேனே. எங்கிட்டகூடச் சொல்லலையே."

"உங்ககிட்டதான் முக்கியமாச் சொல்லக்கூடாதுன்னாரு. ‘லொகுலி இங்க வர்றது இந்தச் சத்தத்துக்குத்தான். இது நின்னுபோச்சுன்னா அவன் வரமாட்டான்’னாரு."

சபை முழுவதும் லொகுலியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"நான் வந்திருப்பேன்" என்றான். பிறகு இன்னும் மெதுவாக, "வந்திருப்பேன் அண்ணி" என்றான்.

"எனக்குத் தெரியலை தம்பி" என்றார் பொலும்பு.

கிட்டார் அவர் மடியிலேயே இருந்தது. அதை வாங்க யாரும் கை நீட்டவில்லை.